கம்பைலர் எச்சரிக்கையிலிருந்து டெப் பொதி வரை: புதிதாக வருபவர்களுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் எல்லா இடத்திலும் விசைப்படகுகளுக்கு ஓய்வு. பலகை இடுக்குகளில் கலப்பத்து அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள், கிழிந்த வலையைச் சரிசெய்வார்கள். எங்கள் சின்ன நிரலுக்கும் பழுதுபார்க்கும் காலம் அதுதான். அதில் வேலை செய்பவர்களில் பாதிப்பேர் படகு வீட்டுப் பிள்ளைகள், அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்கு நேரம் கிடைக்கும். வருஷா வருஷம் புதிதாக வருபவர்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இந்தத் தடவை எழுதி வைக்கிறேன்: கம்பைலர் (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) சொல்லும் எச்சரிக்கைகளைத் திருத்துவதில் தொடங்கி, டெப் பொதி (டெபியன் வகைக் கணினியில் நிறுவும் கோப்பு) கட்டுவது வரை.

நிரல் சி மொழியில் எழுதியது, கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. ஜிபிஎஸ் கருவி அனுப்பும் என்எம்இஏ வரிகளை (இடத்தைச் சொல்லும் உரை வரிகள்) படிக்கும், படகு போன தடத்தைச் சேமிக்கும், கடல் எல்லைக்கோட்டுக்கு இன்னும் எத்தனை நாட்டிகல் மைல் என்று காட்டும். 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. திரையில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்ப வேண்டும். அதனால்தான் "சும்மா வார்னிங்தானே, ஓடுதுல்ல" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்வது போல உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், ஒன்றையும் தொடாமல் கட்டிப் பாருங்கள்

உங்கள் லினக்ஸ் டெபியன், உபுண்டு, மின்ட் எதுவாக இருந்தாலும் சரி. பில்ட்-எசென்ஷியல், டெப்ஹெல்ப்பர், டெவ்ஸ்கிரிப்ட்ஸ், லின்ட்டியன், குவில்ட் ஆகிய ஐந்தையும் நிறுவிக்கொள்ளுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில்தான் இணையம் என்றால் 'ஆப்ட்' கட்டளைக்குப் பதில் 'ஆப்ட்-கெட்' பயன்படுத்துங்கள். ஆப்ட், நிறுவி முடித்ததும் இறக்கிய கோப்புகளை அழித்துவிடும். ஆப்ட்-கெட் அவற்றை வைத்திருக்கும், அடுத்த மடிக்கணினிக்குப் பென்டிரைவில் கொண்டுபோகலாம்.

அப்புறம் நிரலின் கிட் களஞ்சியத்தை உங்கள் கணினிக்குக் குளோன் செய்து (நகலெடுத்து), ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் 'மேக்' (நிரலைக் கட்டும் கட்டளை) கொடுங்கள். வருகிற வெளியீடு முழுவதையும் 'டீ' கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமியுங்கள். எச்சரிக்கைகள் வழக்கமான வெளியீட்டில் இல்லாமல் தனியான பிழை ஓடையில் வரும் என்பதால் இரண்டு ஓடையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். உங்கள் மாற்றத்துக்கு முன் எத்தனை எச்சரிக்கை, பின் எத்தனை என்று ஒப்பிட இந்தக் கோப்புதான் உதவும்.

புதிதாக வரும் எல்லோரும் இங்கே ஒரு தடவையாவது ஏமாறுவார்கள். முதல் தடவை 40 எச்சரிக்கை வரும். எதையோ ஒன்றைத் திருத்திவிட்டு மறுபடி மேக் கொடுத்தால் மூன்றே மூன்றுதான் வரும். திருத்தம் பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். மேக், மாறிய கோப்பை மட்டும்தான் மறுபடி கம்பைல் செய்யும். மாறாத கோப்புகளின் எச்சரிக்கைகள் அப்படியே உள்ளே இருக்கின்றன, கம்பைலர் இந்தத் தடவை அந்தப் பக்கம் போகவே இல்லை. எண்ணிப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் 'மேக் கிளீன்' கொடுங்கள்.

கம்பைலரைப் பேச விடுங்கள்

நாம் பயன்படுத்தும் கம்பைலர் ஜிசிசி. அதற்குக் கொடுக்கும் விருப்பங்களைக் கொடி என்போம். 'டபிள்யூ-ஆல்' கொடியின் பெயர் பலரை ஏமாற்றும். 'ஆல்' என்று இருந்தாலும் அது எல்லா எச்சரிக்கைகளையும் தராது. கூடவே 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா'வும் வேண்டும். 'ஓ2' என்ற உகப்பாக்கக் கொடியையும் சேருங்கள். மதிப்பு வைக்காத மாறியைப் பயன்படுத்துவது போன்ற தவறுகளைக் கண்டுபிடிக்க, நிரல் எந்த வழியாகவெல்லாம் ஓடும் என்று கம்பைலர் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். உகப்பாக்கம் செய்யும்போதுதான் அது அவ்வளவு தூரம் பார்க்கும்.

ஒவ்வொரு எச்சரிக்கை வரியிலும் கோப்பின் பெயர், வரி எண், பத்தி எண், செய்தி, கடைசியில் சதுர அடைப்புக்குள் அந்த எச்சரிக்கையின் பெயர் என்று வரிசையாக இருக்கும். அந்தக் கடைசிப் பெயர்தான் முக்கியம். ஜிசிசி கையேட்டில் அதைத் தேடினால் ஏன் எச்சரிக்கிறது என்ற விளக்கம் கிடைக்கும். நூற்றுக்கணக்கில் வந்தால், பெயர்களை மட்டும் பிரித்தெடுத்து எது எத்தனை தடவை என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ஆறேழு வகைதான் இருக்கும்.

எதை முதலில் பார்ப்பது

எண்ணிக்கை அதிகமானதை முதலில் எடுக்காதீர்கள். ஆபத்து அதிகமானதை எடுங்கள். என் வரிசையைச் சொல்கிறேன்.

அறிவிக்காத செயற்கூறைக் கூப்பிடுவதுதான் முதலில். இதை மொழியின் 1999 தரமே நீக்கிவிட்டது. ஆனாலும் கம்பைலர்கள் பல வருஷம் எச்சரிக்கையோடு விட்டுவைத்தன. 2023-இல் கிளாங் 16 (இன்னொரு கம்பைலர்), 2024-இல் ஜிசிசி 14 இரண்டும் இதைப் பிழையாகவே ஆக்கிவிட்டன. பழைய நிரல்கள் பல அதனாலேயே கட்ட முடியாமல் நின்றன. எழுத்தை எண்ணாக மாற்றும் 'ஏ-டு-எஃப்' செயற்கூறை, அதற்குரிய 'எஸ்டிடிலிப்' தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் கூப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். பழைய கம்பைலர் அது முழு எண் தரும் என்று தானாக முடிவு செய்துகொள்ளும். செயற்கூறு விடையைத் தசம எண்ணுக்கான ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சேமிப்பிடம்) வைக்கும், கூப்பிட்ட இடமோ முழு எண்ணுக்கான ரெஜிஸ்டரைப் பார்க்கும். கிடைப்பது குப்பை. அந்தக் குப்பையைத்தான் நாம் அட்சரேகை என்று திரையில் காட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்தது, தசம எண்ணுக்கு 'ஆப்ஸ்' போடுவது. ராமேஸ்வரத்தின் அட்சரேகை சுமார் 9.288. சி மொழியில் 'ஆப்ஸ்' முழு எண்ணுக்கானது. 9.288-ஐக் கொடுத்தால் சத்தமில்லாமல் 9 ஆகிவிடும். போன 0.288 பாகை சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு பாகைக்கு 60 நாட்டிகல் மைல், அப்படியானால் 17 நாட்டிகல் மைலுக்கு மேல், ஏறக்குறைய 32 கிலோமீட்டர். வடகடலில் (பாக் விரிகுடா) நிற்கிற படகைத் தென்கடலில் (மன்னார் வளைகுடா) இருப்பதாகக் காட்டும். திருத்தம் என்னவோ ஒரே எழுத்துதான், 'எஃப்-ஆப்ஸ்' என்று மாற்ற வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது: வெறும் டபிள்யூ-ஆல் போட்டால் ஜிசிசி இதைப் பற்றி வாயே திறக்காது. டபிள்யூ-எக்ஸ்ட்ரா இருந்தால்தான் சொல்லும்.

மூன்றாவது, பிரின்ட்எஃப் வடிவக் குறிகள் பொருந்தாமல் இருப்பது. நேரத்தைக் குறிக்கும் 'டைம்-டி' வகையை 'எல்-டி' குறியால் அச்சிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. உங்கள் 64 பிட் மடிக்கணினியில் இது ஒழுங்காக வேலை செய்யும். ராஸ்பெரி பை என்ற சின்ன 32 பிட் கணினியில் நிலைமை வேறு. 2038 ஜனவரி 19-இல் 32 பிட் நேரம் தீர்ந்துவிடும் என்பதால், 2025-இல் வந்த டெபியன் 13 அந்த 32 பிட் ஆர்ம் கருவிகளிலும் நேரத்தை 64 பிட் ஆக்கிவிட்டது. ஆனால் 'லாங்' அங்கே இன்னும் 32 பிட்தான். அளவு பொருந்தாது, நேரமும் அதற்குப் பின்னால் வருகிற மதிப்புகளும் தாறுமாறாக வரும். மதிப்பை 'லாங் லாங்' ஆக மாற்றி 'எல்-எல்-டி' என்று அச்சிடுங்கள்.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். "இந்த மாறி மதிப்பு வைக்காமலே பயன்படலாம்" என்று ஒரு எச்சரிக்கை வரும். மாறியை அறிவிக்கிற இடத்தில் சுழியம் வைத்தால் எச்சரிக்கை போய்விடும், ஐந்து விநாடி வேலை. புதிதாக வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் செய்து அனுப்புவார்கள், நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் அட்சரேகை சுழியம், தீர்க்கரேகை சுழியம் என்பது உலகத்தில் உண்மையாகவே இருக்கிற ஓர் இடம். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் இருக்கிறது. கம்பைலர் கேட்ட கேள்வி வேறு: "எந்தச் சமயத்தில் இந்த மாறிக்கு மதிப்பு வராமல் போகும்?" தேடிப் பார்த்தால் விடை கிடைக்கும். செயற்கைக்கோள் சரியாகச் சிக்காத நேரத்தில் ஜிபிஎஸ் அனுப்பும் ஜிஜிஏ வரியில் (என்எம்இஏ வரிகளில் ஒரு வகை) தரப் புலம் 0 என்றிருக்கும், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அப்படி வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து எழுதவில்லை. அந்த வரியை ஏற்காமல் விட்டு, "இடம் தெரியவில்லை" என்று திரையில் காட்டுவதுதான் திருத்தம். பன்னிரண்டு வரி எழுத வேண்டியிருந்தது.

மாறிக்கு மதிப்பு வைத்திருக்கிறது, ஆனால் எங்கும் பயன்படுத்தவில்லை என்று வரும் எச்சரிக்கையும் இந்த மாதிரித்தான். உடனே மாறியை அழித்துவிடாதீர்கள். எங்கள் நிரலில் என்எம்இஏ வரியின் கடைசியில், நட்சத்திரக் குறிக்குப் பிறகு வரும் செக்சம்மை (வரி கெடாமல் வந்ததா என்று பார்க்க உதவும் எண்) ஒருவர் படித்து மாறியில் வைத்திருந்தார், ஒப்பிட்டுப் பார்க்க மறந்துவிட்டார். மாறியை அழித்திருந்தால் எச்சரிக்கை போயிருக்கும், உப்பு அரித்த கேபிளில் கெட்டுப்போய் வரும் வரிகளை நிரல் என்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கும்.

வாயை அடைக்கலாமா

சில எச்சரிக்கைகள் வீணானவை, அதை மறுக்க மாட்டேன். வேறொரு நூலகம் கேட்கிறதே என்பதற்காக எழுதிய செயற்கூறில் ஒரு அளவுரு தேவைப்படாமல் போகலாம். அப்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் 'வாய்டு' என்று மாற்றிப் போட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வகை எச்சரிக்கையையே மேக்ஃபைலில் (எப்படிக் கட்டுவது என்று மேக்குக்குச் சொல்லும் கோப்பு) மொத்தமாக நிறுத்துவது வேண்டாம்.

எச்சரிக்கையை நிறுத்துவதற்காகப் புரியாத வரியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெபியனிலேயே நடந்த ஒன்று இருக்கிறது. 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கப் பொதியில், மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் மாதிரியான சோதனைக் கருவிகள் புகார் சொல்லின. பொதியைப் பராமரித்தவர் மூலக் குழுவிடம் கேட்டுவிட்டுத்தான் இரண்டு வரிகளை எடுத்தார். அதில் ஒரு வரிதான் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களைக் கலந்துகொண்டிருந்தது. அது போனதும் மிஞ்சியது செயல்முறை எண் மட்டும், அதற்கு அதிகபட்சம் 32,768 மதிப்புகள்தான். ஒருவரின் ரகசியச் சாவியை எல்லாச் சாத்தியங்களையும் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நிலை. 2008 மே மாதம்தான் வெளியில் தெரிந்தது. அந்தப் பொதியில் உருவான சாவிகளை எல்லாம் தூக்கிப் போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டி வந்தது. அக்கறையோடு, கேட்டுச் செய்தவருக்கே இப்படி நடந்திருக்கிறது. ஆகவே எச்சரிக்கைத் திருத்தம் அனுப்பும்போது "எச்சரிக்கை நின்றது" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரி என்ன செய்கிறது, ஏன் எச்சரிக்கை வந்தது, மாற்றிய பிறகு என்ன வேறுபடும், இந்த மூன்றும் கமிட் குறிப்பில் (கிட்டில் மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன், கோபத்தில் இல்லை.

ஒரு கமிட்டில் ஒரு வகை எச்சரிக்கை போதும். போகிற போக்கில் இடைவெளிகளைச் சீராக்குவது, பெயர் மாற்றுவது எல்லாம் தனிக் கமிட்டாக வரட்டும்.

எச்சரிக்கை அத்தனையையும் பிழையாக்கும் 'டபிள்யூ-எரர்' கொடி ஒன்று உண்டு. நம் தானியங்கிச் சோதனையில் அதைப் போட்டிருக்கிறோம். வெளியிடும் மேக்ஃபைலில் போடுவதில்லை. அடுத்த வருஷம் வரும் கம்பைலர் புதிதாக ஒரு எச்சரிக்கையைக் கற்றுக்கொண்டு வரும். அன்றைக்கு நம் நிரலில் ஒன்றுமே மாறாமல், வேறு யாரோ ஒருவரின் கணினியில் கட்ட முடியாமல் நிற்கும்.

இனி பொதி

படகுச் சம்மாட்டியின் (உரிமையாளரின்) மேசையில் இருக்கும் கணினியில் கம்பைலர் கிடையாது, இருக்கவும் தேவையில்லை. அவருக்கு ஒரு டெப் கோப்பு போதும்.

பதிப்புக்கு கிட்டில் டேக் (பெயர்க்குறி) போட்டு, அந்த டேகிலிருந்தே 'கிட் ஆர்க்கைவ்' மூலம் மூலநிரல் கட்டு (டார்பால்) ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் அடைவை அப்படியே சுருட்டிக் கொடுக்காதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பது தெரிந்ததே, அதைத் தூண்டிவிட்ட கோப்பு வெளியிட்ட கட்டில் மட்டும்தான் இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியமும் கட்டும் ஒன்றுதான் என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிய வேண்டும்.

டெபியன் என்ற அடைவுக்குள் முக்கியமாக நான்கு கோப்புகள். 'கன்ட்ரோல்' பொதியின் பெயரையும் தேவைகளையும் சொல்லும். 'சேஞ்ச்லாக்'கைக் கையால் எழுதாதீர்கள், 'டிசிஎச்' கட்டளை இருக்கிறது, தேதி வடிவத்தில் ஒரு இடைவெளி பிசகினாலும் புகார் வரும். 'காப்பிரைட்'டில் ஒவ்வொரு கோப்பின் உரிமமும் வர வேண்டும், இரவல் வாங்கிச் சேர்த்த கோப்பு இருந்தால் அதன் உரிமமும் சேர்த்து. 'ரூல்ஸ்' மூன்றே வரிதான், மீதியை டெப்ஹெல்ப்பர் பார்த்துக்கொள்ளும். ஆனால் கடைசி வரி இடைவெளியில் தொடங்காமல் டேபில் தொடங்க வேண்டும். நான்கும் தயாரானதும் 'டிபில்ட்' கொடுங்கள்.

எச்சரிக்கையும் பொதியும் இந்த இடத்தில்தான் சந்திக்கின்றன. பொதி கட்டும்போது டெபியன் தன் பாதுகாப்புக் கொடிகளைச் 'சிஃபிளாக்ஸ்', 'சிபிபிஃபிளாக்ஸ்' ஆகிய சூழல் மாறிகளில் வைத்துக் கொடுக்கும். நம் மேக்ஃபைலில் 'சிஃபிளாக்ஸ்'க்கு வெறும் சமக்குறி போட்டிருந்தால் டெபியன் கொடுத்தது அழிந்துவிடும். கேள்விக்குறியும் சமக்குறியும், அல்லது கூட்டல்குறியும் சமக்குறியும் சேர்த்துப் போடுங்கள். 'சிபிபிஃபிளாக்ஸ்' இன்னும் எளிதாக விட்டுப்போகும், கையால் எழுதிய கம்பைல் வரிகளில் அதைச் சேர்க்கப் பலரும் மறந்துவிடுவார்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக மாற்ற, எங்கள் நிரல் உள்ளேயிருந்து ஜிபிஎஸ்பேபெல் என்ற வேறொரு நிரலைக் கூப்பிடும். பொதி கட்டி, என் கணினியில் நிறுவி, எல்லாம் நன்றாக ஓடியது. தங்கச்சிமடத்தில் ஒரு அண்ணன் நிறுவினார், நிறுவலும் தடங்கல் இல்லாமல் முடிந்தது. மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டு, "தம்பி, தடம் ஒண்ணுமே சேவ் ஆகலையே" என்றார். அவர் கணினியில் ஜிபிஎஸ்பேபெல் இல்லை. பொதி கட்டும் கருவிகள் நூலகத் தேவைகளைத் தானாகக் கண்டுபிடிக்கும், இப்படி உள்ளேயிருந்து கூப்பிடும் நிரல்களை அவற்றால் பார்க்க முடியாது. அதை 'கன்ட்ரோல்' கோப்பில் 'டிபென்ட்ஸ்' வரியில் நாம்தான் எழுத வேண்டும். இதைவிட என்னை வருத்தியது வேறு. வெளி நிரலைக் கூப்பிடும் 'சிஸ்டம்' செயற்கூறு தோற்றால் அதைத் திரும்பத் தரும் மதிப்பில் சொல்லும், எங்கள் நிரல் அந்த மதிப்பைப் பார்க்கவே இல்லை. டெபியனின் பாதுகாப்புக் கொடிகள் இருந்தால் "திரும்பி வரும் மதிப்பைப் பார்க்கவில்லை" என்று கம்பைலர் எச்சரித்திருக்கும். அந்தக் கொடி இருப்பது 'சிபிபிஃபிளாக்ஸ்'இல். எங்கள் மேக்ஃபைலில் அது விட்டுப்போயிருந்தது. அந்த அண்ணனின் மூன்று நாள் தடம் திரும்பக் கிடைக்கவில்லை.

கொடிகள் ஒழுங்காக வந்து சேர்ந்ததும் சில இடங்கள் கட்டாமலே நிற்கும், பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து வந்த வரியை நேரடியாகப் பிரின்ட்எஃப்புக்குக் கொடுப்பதை டெபியன் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வரிக்குள் சதவீதக் குறி இருந்தால் அதைக் கட்டளையாகப் படித்துவிடும் என்பதுதான் காரணம். 'எஃப்புட்ஸ்' பயன்படுத்துங்கள். நிரலுக்குள் கட்டிய தேதியைத் தானாகப் பதிக்கும் 'டேட்' மேக்ரோ இருந்தாலும் எச்சரிக்கை வரும். ஒரே மூலநிரலிலிருந்து யார் எப்போது கட்டினாலும் ஒரே கோப்பு வர வேண்டும் என்பதற்காக அது. மேக்ரோவை எடுத்துவிட்டுப் பதிப்பு எண்ணைக் காட்டினால் போதும்.

அடுத்து லின்ட்டியன். இது பொதியையே சோதித்துக் குறை சொல்லும். 'ஈ' என்று தொடங்குபவை பிழைகள், 'டபிள்யூ' எச்சரிக்கைகள். கம்பைலருக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். கையேட்டுப் பக்கம் இல்லை என்று சொன்னால் கையேட்டுப் பக்கம் எழுதுங்கள், தமிழிலும் ஒன்று எழுதினால் நல்லது.

கடைசியாக 'எஸ்பில்ட்' கொண்டு வெறுமையான சூழலில் ஒருமுறை கட்டுங்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பதால் தெரியாமல் போன கட்டுமானத் தேவைகள் அங்கே வெளியே வந்துவிடும். முதல் தடவை நிறைய இறக்கும், நல்ல இணையம் இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறொருவர் எழுதிய நிரலுக்குப் பொதி கட்டுகிறீர்கள் என்றால் அவர் மூலநிரலை நேரடியாகத் திருத்தாதீர்கள். திருத்தத்தைக் குவில்ட் பேட்சாக (மாற்றத்தை மட்டும் கொண்ட கோப்பாக) 'டெபியன்' அடைவுக்குள் 'பேட்ச்சஸ்' என்பதில் வையுங்கள், ஏன் என்று தலைப்பில் எழுதுங்கள். அதே பேட்சை எழுதியவருக்கும் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் நீங்களே அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்.

கரையில் ஒரு சோதனை

எச்சரிக்கை சுழியம், லின்ட்டியன் சுத்தம் என்று ஆன பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. என்எம்இஏ வரியில் ராமேஸ்வரத்தின் அட்சரேகை 0917.28 என்று வரும். முதல் இரண்டு இலக்கம் பாகை, மீதி கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 17.28-ஐ 60-ஆல் வகுத்து 9-உடன் கூட்டினால் 9.288. அவசரத்தில் 100-ஆல் வகுத்து 9.1728 என்று எழுதிவிட்டால், ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய்விடும். இரண்டுமே செல்லுபடியாகும் தசம எண்கள், எந்தக் கம்பைலரும் எந்தக் கொடியும் இதைச் சொல்லாது. எனவே புதிய பொதியை உங்களுடையது அல்லாத ஒரு கணினியில் நிறுவி, ஜிபிஎஸ்ஸை இணைத்து, பாம்பன் பாலத்துக்குப் பக்கத்திலோ தேவிபட்டினம் கரையிலோ நீங்கள் நிற்கிற இடத்தைத் திரையில் பாருங்கள். போனின் வரைபடம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு ஆன்டெனாவைக் கையால் மூடி, "இடம் தெரியவில்லை" என்று வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக வந்தால் பதிப்பு எண்ணைக் கூட்டி டெப் கோப்பைக் கொடுத்துவிடலாம். ஜூன் 14-க்கு இரண்டு நாள் முன்பாவது கொடுங்கள். படகு இறங்கும் அன்றைக்கு யாருக்கும் கணினிப் பக்கம் வர நேரம் இருக்காது.